முன்னேற்றம் என்னும் சொல்

உத்திரமேரூரை அடுத்து நாம் வாழும் சிற்றூரில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுது, அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் தம் தந்தையாரின் மருத்துவ அறிக்கையுடன் நம்மிடம் வந்தார். தந்தையாருக்குச் சிறுநீரக நோய். "ஹஜ்ரத், அத்தாவுக்கு முன்னேற்றம் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள்" என்று மகிழ்வுடன் கூறினார். அறிக்கையில் அச்சிட்டிருந்த 'புரோகிரஸிவ்' என்னும் ஆங்கிலச் சொல்லே அவர் காட்டிய சான்று. அரபும் தமிழும் கற்ற அளவுக்கு நாம் ஆங்கிலம் கற்றவரல்லர். "அல்ஹம்துலில்லாஹ்" என்றோம்.

நோய் மேன்மேலும் முற்றி வருகிறது என்பதே அச்சொல்லுக்கு அங்கே பொருள். மருத்துவர் வாயிலாக இதனை அறிந்தபோது, மறு பரிசோதனைக்குக் குறித்த நாள் கழிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

பிழை அவ்விளைஞருடையது மட்டுமன்று; வினவாமல் மகிழ்ந்த நம்முடையதுமாகும். ஒரு சொல்லை நன்மையென்று முன்கூட்டியே நம்பிவிட்டால் அறிவு எவ்வாறு உறங்கிவிடுகிறது என்பதை அன்று கண்டோம்.

'புரோகிரஸ்' என்பது முன்னோக்கி அடிவைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அரசர் பரிவாரத்துடன் நாட்டைச் சுற்றிவரும் பயணத்தையும் ஆங்கிலேயர் ஒருகாலத்தில் அச்சொல்லால் குறித்தனர். பனியன் 1678இல் வெளியிட்ட நூலின் பெயரிலும் அச்சொல் உண்டு. அந்நூலைத் தழுவிக் காவியம் செய்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, தம் நூலுக்கு 'இரட்சணிய யாத்திரிகம்' என்றே பெயரிட்டார். மானிட இனம் முழுதும் நாளுக்கு நாள் மேன்மையுறுகிறது என்னும் கருத்தை அச்சொல் வலுவாகத் தாங்கத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டில்தான்.

பழைய பொருள் இன்னும் மறையவில்லை. சாலையோரப் பலகையில் அச்சொல்லுக்கு 'வேலை நடைபெறுகிறது' என்பதே பொருள். பிள்ளைகள் நம் கையொப்பத்திற்குக் கொண்டுவரும் 'புரோகிரஸ் கார்டு', மதிப்பெண் குறைந்தாலும் அப்பெயரையே தாங்குகிறது. தமிழிலோ வேலை நடைபெறும், நோய் முற்றும், மாணவன் தேர்ச்சி பெறுவான், குடும்பம் முன்னேறும். நான்கு இடத்திற்கு நான்கு சொற்களை வழங்கும் மொழி நம்முடையது. ஏறுதல் என்பதைத் தன்னுள் கொண்ட 'முன்னேற்றம்' என்னும் சொல்லில் உயர்வும் அடங்கியிருக்கிறது. ஆங்கிலச் சொல் அடிவைப்பைச் சொல்கிறது. அடி எங்கே செல்கிறது என்பதை நாமே வினவியறிய வேண்டும்.

அரபு மொழியில் முன்னேற்றத்திற்குத் 'தகத்தும்' என்பர். பாதத்தைக் குறிக்கும் 'கதம்', பழமையானதைக் குறிக்கும் 'கதீம்' ஆகியனவும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. தமிழிலும் 'முன்' என்பது கடந்த காலத்தையும் குறிக்கும்; கண்ணெதிரே உள்ளதையும் குறிக்கும். முன்னோர் என்பதிலும் முன்னேற்றம் என்பதிலும் நிற்பது ஒரே 'முன்' அன்றோ? திருக்குர்ஆனின் 74ஆம் அத்தியாயம், 37ஆம் வசனம், முன்செல்லுதலையும் பின்தங்குதலையும் மனிதனின் விருப்பத்தோடு இணைத்துப் பேசுகிறது. ஆகவே, காலம் நகர்வதனாலேயே முன்னேற்றம் தானாக வந்துவிடாது.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகள் உள்ளன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றை அமைத்த முறையை அவை கூறுகின்றன. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தகுதி பெறார் என்பது அவ்விதி. ஆயினும் நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அங்கு இடமிருந்தது. உழவுக் கூலிக்கும் பெண்டிர்க்கும் இடமில்லை. இன்றோ, 2016இல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்தின்படி உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்குரியது.

யார் அமரலாம் என்பதில் நாம் முன்னேறியிருக்கிறோம், ஐயமில்லை. பொதுப்பணத்திற்குக் கணக்குக் காட்டுவதிலும் அவ்வாறே முன்னேறியிருக்கிறோமா? ஊர்ச் சங்கத்திலோ ஜமாஅத்திலோ பொறுப்பு வகிக்கும் ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டு விடை கூறட்டும். ஒரே ஊர் ஒன்றில் முன்சென்று, மற்றொன்றில் பின்தங்குதல் கூடும். 'முன்னேறிவிட்டோம்' என்று எவரேனும் கூறுமிடத்து, "எதில்? எதை நோக்கி?" என வினவுதல் குறுக்கீடன்று, கடமையாகும்.

அப்பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. அந்த ஒரு மாதம் அவருக்கு எதைத் தந்திருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். நாம் அன்று கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: "எது முன்னேறுகிறது, தம்பி? அத்தாவா, நோயா?"