பிதாக்கள் தின்ற புளிப்பு



பள்ளிக்கூடத்திலிருந்து உங்கள் பிள்ளை ஒரு சீட்டுக் கொண்டுவருகிறான். பிள்ளை வளர்ப்பைப்பற்றிப் பெற்றோருக்கு வகுப்பு நடக்கும், தகப்பனும் தாயும் தவறாமல் வரவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதை வாசித்ததும் உங்கள் மனதில் முதலில் எழுவது என்ன? சந்தோஷமா? சலிப்பா? காரணம் தெரியாத ஒரு பயமா? இந்தக் கேள்வி சிறியதுதான். ஆனால் அதன் விடையில் உங்கள் பிள்ளையின் பாக்கியம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

ஒரு தகப்பனைச் சிந்தித்துப் பாருங்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளி வாசல்மட்டும் வருகிறார். மரத்தடியில் சிறிது நேரம் நின்றுவிட்டு, உள்ளே நுழையாமல் திரும்பிப்போகிறார். இவருக்குப் பிள்ளைமேல் அக்கறையில்லை என்று ஆசிரியை நினைத்துக்கொள்கிறாள். உண்மையோ வேறு. பத்து வயதில் கணக்குப் பிழைத்ததற்காக வகுப்புக்கு வெளியே வெயிலில் முழந்தாளில் நின்றவர் அவர். வீட்டுக்குப் போனதும் அதற்கும் சேர்த்து இடைவாரால் அடி வாங்கியவர். முப்பது வருஷம் கடந்தும், பள்ளி மணி அடித்தவுடன் அந்தப் பத்து வயதுப் பையன் அவருக்குள்ளே எழுந்து ஓட்டம் பிடிக்கிறான்.

ஒரு தாய் உள்ளே வந்து உட்காருகிறாள். பிள்ளையை அடிக்க வேண்டாம் என்று ஆசிரியை சொன்னால், "என்னை அடித்துத்தான் வளர்த்தார்கள், நான் என்ன கெட்டா போனேன்?" என்று முணுமுணுக்கிறாள். அவளுக்கு அடுத்த பெஞ்சில் இன்னொரு தகப்பன். நான் பட்ட பாடு என் பிள்ளை படக்கூடாது என்று, கேட்டதையெல்லாம் வாங்கிக்கொடுத்து, வேண்டாம் என்ற ஒரு சொல்லைச் சொல்லவே அஞ்சுகிறவர் அவர். வகுப்பு ஒன்றுதான். ஆனால் ஒவ்வொருவரும் தம் தம் சிறுவயதுக் காதால் அதைக் கேட்கிறார்கள்.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டாக்டர் பெலிட்டியும் டாக்டர் ஆண்டாவும் நடத்திய ஆராய்ச்சி 1998-ம் வருஷம் முதல் வெளிவந்தது. 17,000-க்கு அதிகமான பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப்பற்றி விசாரித்த முயற்சி அது. அடி, அவமானம், வீட்டில் குடிவெறி, தாய் அடிபடுவதைக் கண்ட கொடுமை முதலியவற்றில் ஒன்றையாவது அனுபவித்தவர்கள் மூவரில் ஏறக்குறைய இருவர். அந்தத் துன்பங்கள் கூடக்கூட, பிற்காலத்தில் நோயும் குடிப்பழக்கமும் மனச்சோர்வும் கூடியிருந்தன. பிள்ளைப்பருவத்துக் காயம் வயதோடு தானாய்ப் போய்விடுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

அப்படியானால் அடிபட்டவன் அடிக்கத்தான் வேண்டுமா? இல்லை. மிச்சிகன் மாநிலத்தில் குழந்தைகளின் மனநலத்துக்காக உழைத்த செல்மா பிரைபர்க் என்ற அம்மையார், தம் கூட்டாளிகளோடு 1975-ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆழ்ந்த ஒரு உண்மையை எடுத்துக்காட்டினார். தன் கைக்குழந்தை கதறியழுதாலும் அது காதில் விழாததுபோல் உட்கார்ந்திருந்தாள் ஒரு இளந்தாய். அவளுக்குப் புத்திமதி சொல்லிப் பயனில்லை என்று கண்டு, முதலில் அவளுடைய சிறுவயதுத் துக்கத்தைப் பொறுமையோடு கேட்டார்கள். அவள் அழுதாள். தன் அழுகையை ஒருவர் கேட்டபின், தன் குழந்தையின் அழுகை அவளுக்குக் கேட்டது! அவளாகவே குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள். நடந்ததைமட்டும் நினைவில் வைத்து, அன்று பட்ட வேதனையை மறந்தவர்களே அதைத் தம் பிள்ளைகளுக்கும் செய்கிறார்கள். அந்த வேதனையை நினைவில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் செய்வதில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதை வேதாகமம் அறியாமலில்லை. பிதாக்கள் புளித்த திராட்சையைத் தின்றதால் பிள்ளைகளின் பல் கூசிற்று என்று இஸ்ராயேலர் ஒரு பழமொழி சொல்லித் தங்கள் தலைவிதியை நொந்துகொண்டார்கள். இனி அந்தப் பழமொழி உங்களுக்குள் வழங்காது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசியின் வாயிலாகச் சர்வேசுரன் கண்டித்துச் சொன்னார். புளிப்பு உண்டு, கூச்சமும் உண்டு. ஆனால் அது விதியல்ல.

"அப்படியென்றால் எங்கள் தாய் தகப்பனைக் குறைசொல்லவா சொல்கிறீர்கள்? நாலாம் கற்பனை என்னாவது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெற்றோரைச் சங்கிப்பது வேறு. அவர்கள் செய்த தவறை நன்மையென்று சொல்வது வேறு. அவர்களும் யாரோ ஒருவர் கையில் அடிபட்ட பிள்ளைகள்தான். அவர்களை மன்னியுங்கள், அவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் அவர்கள் கைப்பிரம்பைச் சொத்தாக எண்ணிக் காப்பாற்ற வேண்டாம். பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும் என்று கற்பித்த அர்ச். சின்னப்பர், அதே மூச்சில் தகப்பன்மார் பக்கமாய்த் திரும்பி, பிள்ளைகளுக்குக் கோபமூட்டாதபடி எச்சரிக்கிறார் அல்லவா?

அர்ச். ஜான் போஸ்கோவைப் பாருங்கள். 1815-ல் பிறந்த அவர், இரண்டு வயது நிரம்புமுன்னே தகப்பனை இழந்தார். மூத்த தாரத்து அண்ணனின் கடுமை தாங்காமல், பன்னிரண்டு வயதளவில் வீட்டைவிட்டு வேறொரு பண்ணையில் வேலைக்குப் போனார். அந்தச் சிறுவன் வளர்ந்து, அண்ணனைப்போல் கைநீட்டும் மனிதனாகியிருக்கலாம். ஆனால் நடந்ததென்ன? 1877-ல் அவர் எழுதிவைத்த கல்விமுறை அறிவு, பக்தி, அன்பு என்ற மூன்றின்மேல் நிற்கிறது. அடிக்கு அதில் இடமில்லை. காரணம் என்ன? அவர் அழுதபோது கேட்க மார்கரீத் என்ற தாய் இருந்தாள். பிற்பாடு கலோசோ என்ற வயோதிகக் குருவானவர் இருந்தார். கேட்க ஒருவர் கிடைத்தால் காயம் வரமாக மாறும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு, பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனதை நோகச் செய்வதையும் தடுத்துவிட்டது. ஆனால், "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், சார்" என்று ஆசிரியரிடம் சொல்லும் தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்களே! வாத்தியார் கீழே வைத்த பிரம்பை நாம் எடுத்து நீட்டலாமா?

பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கும் ஒரு சொல். பெற்றோரை முதல் வகுப்புப் பெஞ்சில் உட்காரவைத்துக் கண்டித்துப் பேசினால், அவர்கள் மறுபடி அடிபட்ட பிள்ளைகளாகவே ஆகிவிடுவார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் 1988-ல் தொடங்கிய ஒரு பள்ளித் திட்டத்தில், எட்டு வாரம் குடும்பங்கள் பள்ளிக்கு வந்து முதலில் ஒன்றாய்ச் சாப்பிடுகின்றன. பிறகு பெற்றோர் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அதன்பின் ஒவ்வொரு தாயும் தகப்பனும் தன் பிள்ளையோடு கால்மணி நேரம் விளையாட வேண்டும். அதட்டலும் இல்லை, பாடம் சொல்வதும் இல்லை, பிள்ளை சொல்வதே சட்டம். முதலில் சோறு, அடுத்தது செவி, பிறகே போதனை. நம் பள்ளிகளும் இதைச் சிந்திக்கட்டும்.

பிரியமானவர்களே, அடுத்த சீட்டு வரும்போது நீங்கள் மூன்று காரியம் செய்யுங்கள். போகுமுன், உங்கள் பத்தாம் வயதில் உங்களுக்கு என்ன நடந்தது என்பதைமட்டுமல்ல, அன்று உங்கள் நெஞ்சு என்ன பாடுபட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அதை உங்கள் மனைவியிடமோ, கணவரிடமோ, நம்பத்தக்க ஒருவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து திரும்பிவந்ததும், என்றைக்காவது அநியாயமாய் அடித்திருந்தால், "அப்பா செய்தது தப்பு, கண்ணே" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். உங்கள் மரியாதை அதனால் குறையாது.

மரத்தடியில் நின்று திரும்பிப்போன அந்தத் தகப்பன் அடுத்த முறை உள்ளே வரட்டும். தமக்குள் இருக்கும் அந்தப் பத்து வயதுப் பையனையும் கைப்பிடித்து அழைத்து வரட்டும். சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன திவ்விய கர்த்தர் அவனையும் தள்ளமாட்டார்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.