திறமை கையினதோ, உயிரினதோ?

கணியம்பாடி தொடங்கி ஆம்பூர் ஈறாக உள்ள ஊர்களில் தோற்றொழிலால் வாழ்வார் பலர். அவருள் தோல் வெட்டுவோன் ஒருவன், விரலால் தடவிய அளவிலே, இவ்விடம் தடித்தது, இவ்விடம் மெலிந்தது, இப்பக்கம் இழுத்தால் நீளும் என்றறிந்து கத்தியை வைப்பான். காண்பார், “அஃது அவன் குலத்தில் ஊறியது” என்பர். புகழ்ச்சிபோலத் தோன்றும் இச்சொல், அவன் பல்லாண்டு பட்ட பாட்டை மறைக்கின்றது. அவன் மகனுக்கு வேறு கல்வி எற்றுக்கு என்று வாயில் அடைப்பதும் இச்சொல்லே.

திறமை பிறப்போடு வருவதாயின், பிறப்பிலமைந்த கையை மாற்றியமைத்த வழி அது தோன்றுதல் கூடாது. தோன்றியதற்குச் சான்று அணிமையிலேயே உளது. வேலூரினின்று கணியம்பாடிக்குச் செல்வார் பாகாயத்தைக் கடந்து செல்வர். ஆண்டுள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து, 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிய கைகளைச் செப்பஞ் செய்தார். அந்நோயில் உள்ளங்கைத் தசைகள் செயலற்றாலும் முன்கைத் தசைகள் பல கெடாது நிற்கும். மோதிரவிரலை மடக்கும் தசைநாண் இரண்டனுள் ஒன்றை எடுத்துப் பெருவிரலிற் பொருத்துதல் அம்முறைகளுள் ஒன்று. புண் ஆறியபின் நிகழ்வதே நாம் நோக்கற்பாலது. பெருவிரலை அசைக்க நினைத்தால் அஃது அசையாது. “மோதிரவிரலை மடக்க எண்ணுக” என்பர். எண்ணினால் பெருவிரல் எழும்! பல வாரம் இங்ஙனம் பழகப் பழக, இடைநின்ற அவ்வெண்ணம் தானே நழுவும். பெருவிரலை நினைத்த அளவில் பெருவிரலே அசையும்.

ஈண்டுப் பழகியது யாது? நாண் எனின், அது வெறுங் கயிறு. முன்னும் இழுத்தது, பின்னும் இழுத்தது. மூளை என்பர் இக்காலத்து உடல்நூலார். அதனை நாம் மறுக்கின்றிலம். மூளையும் கருவியே என்பது மட்டும் நம் துணிபு. உயிர்க்குச் செயலாற்றல் உண்டு. ஆணவத்தால் மறைப்புண்ட அதனைக் கலை என்னும் தத்துவம் சிறிதே விளக்கும் என்பது சித்தாந்தம். ‘சிறிதே’ என்றதனைக் கருதுக. ஒருங்கே முழுதும் விளங்குமாயின் பயிற்சி வேண்டா. உள்ளே யாதும் இன்றாயின் பயிற்சியாற் பயனில்லை.

நிமிர்ந்த கைக்கும் உணர்ச்சி மீண்டிலது. இவர்தம் விரல்கள் குறைவது பெரும்பாலும் உணராது படும் காயங்களாலே என்று காட்டியவரும் அம்மருத்துவரே. மருத்துவம் கற்குமுன் கட்டடத்தொழிலும் தச்சும் பயின்றவர் அவர். ஆதலின் கைச்செப்பத்தோடு நில்லாது, நோய் நீங்கினார்க்குத் தச்சுவேலையும் கற்பித்தார். உளி வழுக்கினும் நோவாது; கைப்பிடி உராய்ந்து தோல் உரியினும் தெரியாது. ஆகவே தோல் வெட்டுவோன் விரலால் அறிவதை இவர் கண்ணால் அறியப் பழகினர். மாலையில் கருவிகளை வைத்தபின், இரு கைகளையும் விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்துப் புண் உண்டோ என ஆராய்தலும் அவர் கற்ற தொழிலின் ஒரு கூறாயிற்று.