பல்லும் சொல்லும்

கண்டி தலதா மாளிகையில் புத்தரின் பல் என்று வணங்கப்படுவதை பக்தன் அன்றாடம் பார்ப்பதில்லை. அவன் பார்ப்பது ஒரு பேழையை. ஒன்றினுள் ஒன்றாக ஏழு பேழைகள், சுற்றிலும் கருவறை, பிறகு மாடிக் கட்டடம், மதில், அகழி. இந்தக் கட்டடக்கலைக்கு ஒரே அர்த்தம்தான்: காவல்.

1560ல் போர்த்துக்கீசியர் யாழ்ப்பாணத்தில் ஒரு பல்லைக் கைப்பற்றினார்கள். பெகு அரசன் பெரும்பொருள் கொடுத்து மீட்க முன்வந்தான். பாதிரிமார்கள் சம்மதிக்கவில்லை. கோவாவில் அதை இடித்து, எரித்து, சாம்பலை ஆற்றில் விட்டார்கள். ஆனாலும் கண்டியில் பல் இருக்கிறது. எரிந்தது போலி என்பது பௌத்தர்களின் பதில். இதில் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு அக்கறையில்லை. என்னை உறுத்துவது வேறு கேள்வி. தான் வணங்காத ஒன்றைக் காப்பதாக ஒருவன் வாக்குக் கொடுத்தால், அந்த வாக்கு யாரைக் கட்டும்?

பல்லை வைத்திருப்பவனே இலங்கைக்கு அரசன் என்பது நம்பிக்கை. அதனால் தலைநகர் மாறியபோதெல்லாம் பல்லும் இடம் மாறியது. கண்டிக்கு முன், பொலன்னறுவையில், முதலாம் விஜயபாகு அதற்கொரு கோயில் கட்டினான். இன்று அங்கே கல்தூண்கள் மிச்சம். பல் இருந்த மேல்மாடி இல்லை. அருகே ஒரு தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டு. மன்னன் இறந்தபின், ராஜகுருவான தேரரின் வேண்டுகோளுக்கு இணங்கி, வேளைக்காரப் படையினர் அந்தக் கோயிலைத் தம் பொறுப்பில் ஏற்கிறார்கள். அதன் ஊர்களையும் ஊழியரையும் அடைக்கலம் புகுந்தவரையும், தாமே அழிய நேர்ந்தாலும் காப்போம் என்கிறார்கள்.

யார் இவர்கள்? கூலிப்படை. தமிழரோடு வடுகரும் மலையாளரும் உண்டு. சோழர்மேல் ஏவியபோது இதே விஜயபாகுவுக்கு எதிராக வேளைக்காரர் கிளர்ந்து அரண்மனைக்குத் தீ வைத்தார்கள் என்று சூளவம்சம் சொல்கிறது. ஆக, இது பக்தி தந்த வாக்கல்ல. அதனாலேயே எனக்கு முக்கியமாகிறது. தன் தெய்வத்தைக் காப்பது தன்னைக் காப்பதன் நீட்சிதான். பிறன் தெய்வத்தைக் காக்கும்போதுதான் தார்மீகம் என்ற பேச்சுக்கே இடம் வருகிறது. கூலி வாங்கியதால் வாக்கு சிறுத்துவிடுவதில்லை. கூலி என்றோ நின்றுபோயிற்று, கல் நிற்கிறது.

1998 ஜனவரி 25ல் வெடிமருந்து ஏற்றிய லாரியைத் தலதா மாளிகையின் வாசலில் விடுதலைப் புலிகள் வெடிக்கச் செய்தார்கள். பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். பல்லுக்கு ஒன்றும் நேரவில்லை.

1981ல் யாழ்ப்பாண நூலகத்தைக் காத்தது யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே எரிந்த ஏடுகளுக்கு, பல்லைப்போல், மீண்டும் தோன்றும் பாக்கியம் வாய்க்கவில்லை. ஆனால் பொலன்னறுவைக் கல்லில், நீங்கள் காத்தால் நாங்களும் காப்போம் என்ற நிபந்தனை இல்லை.

ரத்தத்தால் எவனும் மூதாதையின் வாக்குக்குக் கட்டுப்பட்டவனல்ல. மூதாதையின் குற்றத்துக்கும் அப்படியே. ஒரு மொழியில் எழுதுகிறவனின் நிலைமை வேறு. சங்கப் பாட்டும் சோழர் மெய்க்கீர்த்தியும் என்னுடையவை என்று சொல்லிக்கொள்கிறேன். நானா எழுதினேன்? பெருமையை எந்த வழியில் சுவீகரிக்கிறேனோ, கடனும் அதே வழியில்தான் வந்து சேர்கிறது. பொலன்னறுவைக் கல்லில் இருப்பதும் அதே தமிழ்.

பல் அசலா போலியா என்பது பௌத்தர்களின் பிரச்னை. அந்தச் சொல் அசலா போலியா என்பது தமிழில் எழுதுகிற நம்முடைய பிரச்னை.