நோயாளி எழுதிய மனு

உடம்பு படுத்துகிறபோது ஓர் எண்ணம் வந்து பக்கத்தில் உட்காரும். "இனி என்னால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்கும். அந்த எண்ணத்தை நம்பாதீர்கள்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வாழ்ந்த சூசன் மெக்நமாராவுக்கு அப்படி நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது. 1998இல் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. சி.எம்.எல். என்று மருத்துவர்கள் சொல்லும் வகை. இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டார். அசதிதான் மிஞ்சியது, நோய் பணியவில்லை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பிரயன் டிரக்கர் என்ற மருத்துவர் அப்போது ஒரு மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதற்குச் சந்தைப் பெயர்கூட வரவில்லை, எஸ்.டி.ஐ.571 என்ற குறியீடு மட்டும்தான். இந்தப் புற்றுநோயை மூட்டிவிடும் ஒரு புரதத்தைக் குறிபார்த்து அது முடக்கியது. சாப்பிட்டவர்களின் ரத்த அணுக்கள் சில வாரங்களில் சீராகின. சூசன் டிரக்கரைத் தொடர்புகொண்டார். கிடைத்த பதில் கசந்தது: எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லை. நோவார்ட்டிஸ் நிறுவனம் சிறிதளவே தயாரித்திருந்தது.

தனக்கு மட்டும் ஓர் இடம் தாருங்கள் என்று அவர் மன்றாடியிருக்கலாம். அதில் தவறே இல்லை. அவரவர் உயிர் அவரவருக்கு வெல்லம். ஆனால் அவர் உட்கார்ந்து ஒரு மனு எழுதினார். காத்திருக்கும் நோயாளிகள் அனைவருக்கும் போதுமான அளவு மருந்தைத் தயாரியுங்கள் என்று கேட்டார். அதே நோயோடு இணையத்தில் ஒருவருக்கொருவர் துணையாகப் பேசிவந்தவர்களிடம் அதைச் சேர்த்தார். 3,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 1999இன் பிற்பகுதியில் அது நிறுவனத் தலைவர் டேனியல் வசெல்லாவுக்குப் போனது. உற்பத்தியைக் கூட்டுகிறோம் என்று பதில் வந்தது.

எல்லாம் அந்த மனுவால்தான் நடந்தது என்று சொல்லமாட்டேன். டிரக்கரின் பல்லாண்டுப் பிடிவாதம் அதில் இருக்கிறது. பேர் தெரியாத மாத்திரையை முதலில் விழுங்கியவர்களின் துணிச்சல் இருக்கிறது. என்றாலும், இது குறைவான பேருக்கு வரும் நோய். வியாபாரக் கணக்கில் சிறிய சந்தை. அந்தக் கணக்கின் முன்னே சூசன் மனிதர்களின் பெயர்களைக் கொண்டுபோய் வைத்தார்.

2000இன் தொடக்கத்தில் அவர் ஓரிகனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மிகவும் தளர்ந்திருந்தார். மாத்திரை அவரை எழுப்பியது. பிறகு மக்கில் பல்கலைக்கழகத்தில் லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோயையே ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 2001 மே மாதம் அந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் இமாட்டினிப் என்று எழுதிக்கொடுப்பது அதைத்தான்.

தனக்கென்று கேட்கும்போது குரல் தழுதழுக்கிறது. தன்னைப் போன்றவர்களுக்கென்று கேட்கும்போது அதே குரல் நிமிர்கிறது. உடம்பில் தெம்பு கூடவில்லை, நோய் குறையவில்லை. ஆனாலும் நிமிர்கிறது.

இன்னொன்றும் உண்டு. படுத்துக் கிடந்தவருக்குத் தெரிந்த சில விஷயங்கள், பார்க்க வந்தவருக்குத் தெரியாது. படுத்துக் கிடந்தவர் இப்படிச் சொல்வார்: மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கு, குமட்டல் குறையும். காலையில் இமை வீங்கியிருந்தால் பதறாதே, டாக்டரிடம் சொல். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், எனக்கும் பிடித்தது. உடம்பு தேறிவிட்டதே என்று நீயாக மாத்திரையை நிறுத்திவிடாதே. டாக்டரும் இதையெல்லாம் சொல்வார். அதே மாத்திரையை விழுங்குகிறவர் சொன்னால், கேட்பவருக்குத் தைரியமும் சேர்ந்து கிடைக்கிறது.

9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதால் வருவது இந்த நோய். அதனால் ஒன்பதாம் மாதத்தின் 22ஆம் தேதியைத் தங்கள் நாளாக உலகெங்கும் உள்ள நோயாளிகள் வைத்துக்கொண்டார்கள். செப்டம்பர் 22. தங்களைத் தாக்கிய எண்களையே எடுத்து ஒன்றுகூடும் நாளாக்கிக்கொண்ட அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

உங்கள் நோய் வேறாக இருக்கலாம். நோயாகவே இல்லாமல், கடனாகவோ இழப்பாகவோ இருக்கலாம். நீங்கள் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் இன்று யாரோ புதிதாக ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவர் உங்களுக்குத் தெரிந்தவராகக்கூட இருக்கலாம். இன்று அவரைக் கூப்பிடுங்கள். அறிவுரை வேண்டாம். உங்களுக்கு எது உதவியது என்பதை மட்டும் சொல்லுங்கள்.