தீயவன் கதையை நல்லோர் சுவைக்கலாமா?

கொல்லாமையைக் குலதருமமாகக் கொண்ட ஒரு குடும்பத்தினர், கடத்தலையும் கொலையையும் தொழிலாகக் கொண்ட ஒருவனின் கதையை விரும்பிப் பார்ப்பது தகுமா? பார்த்து முடித்தபின் ‘நல்ல படம்’ என்று மனமாரச் சொல்வதும் முறையா? முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு மாணவன் வேறு சொற்களில் நம்மிடம் கேட்ட கேள்வி இது. அன்று நாம் விடை கூறவில்லை. சிவப்பு மையால் கோடு கிழித்தோம். தீராதிருந்த அந்தக் கடனைத் தீர்க்க அண்மையில் ஒரு வாய்ப்பு நேர்ந்தது. அதுபற்றிய நம் சிந்தனைகளை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

அது 1988ஆம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு நாம் தமிழ் நடத்தி வந்தோம். கட்டுரைப் பயிற்சிக்கு ‘நான் போற்றும் தலைவர்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தோம். காந்தியடிகள், காமராசர், பாரதியார் என்று மாணவர்கள் எழுதி வந்தனர். ஒரு மாணவன் மட்டும் வேலு நாயக்கரைப் பற்றி எழுதியிருந்தான். 1987ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘நாயகன்’ திரைப்படத்தின் கதைமாந்தர் அவர். பலருக்கு நன்மை தருமாயின் எந்தச் செயலும் குற்றமாகாது என்ற பொருளில் கட்டுரையை முடித்திருந்தான். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. நாமோ ‘கொலைஞன் தலைவனாகான், திருத்தி எழுதுக’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தோம்.

மாணவன் நம் மேசையருகே வந்து நின்றான். “டீச்சர், கோவலன்கூடத் தப்பு செஞ்சவன்தானே? அவன் கதையை மட்டும் ஏன் படிக்கணும்?” என்றான். “எதிர்த்துப் பேசாதே, போய் உட்கார்” என்றோம். மறுநாள் அவன் காமராசரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தான். அதில் உயிரே இல்லை. ஆயினும் முழு மதிப்பெண் வழங்கினோம். அப்போது நாம் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சென்ற கோடை விடுமுறையில் பேரன் வந்திருந்தான். ஒரு நாள் பொழுது சாயுமுன் உணவு முடித்தபின், “பாட்டி, பழைய படம் ஒன்னு போடறேன், முழுசா பாருங்க, பாதியில எழுந்து போகக்கூடாது” என்று சொல்லித் தொலைக்காட்சியில் அவன் போட்ட படம் அந்த ‘நாயகனே’. வாக்குக் கொடுத்துவிட்டமையால் இறுதிவரை பார்த்தோம்.

பார்த்திராத அன்பர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கின்றோம். தூத்துக்குடியில் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரைப் பிடிக்க, அவருடைய சிறு மகனையே காவலர்கள் கருவியாகப் பயன்படுத்துகின்றனர். தன்னால் தந்தை கொல்லப்பட்டார் என்று உணர்ந்த சிறுவன், காவலர் ஒருவரைக் குத்திவிட்டுப் பம்பாய்க்கு ஓடிப் போகிறான். தாராவிக் குடிசைப் பகுதியில் ஓர் இசுலாமியப் பெரியவர் அவனை மகனாக வளர்க்கிறார். அப்பெரியவர் காவல் நிலையத்தில் உயிரிழக்கவே, அதற்குக் காரணமான ஆய்வாளரை வேலு கொல்கிறான். பின்னர் கொல்லப்பட்டவனுக்கு மனவளர்ச்சி குன்றிய ஒரு மகன் உண்டு என்று அறிந்து, அந்தக் குடும்பத்தைத் தானே தாங்குகிறான். கடத்தல் தொழிலால் வளர்ந்து, ஏழைகளுக்கு மருத்துவமும் உணவும் நீதியும் வழங்கும் ‘நாயக்கர்’ ஆகிறான். மனைவியைப் பகைவர் கொல்கின்றனர். தந்தையின் வழியில் இறங்கிய மகன் அதிலேயே மடிகிறான். மகள் வெறுத்து வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். இறுதியில் வழக்கு மன்றம் சான்றில்லை என்று விடுவிக்கிறது. ஆனால் தாம் வளர்த்த அந்த ஆய்வாளரின் மகன் கையாலேயே நாயக்கர் சாகிறார்.

இனி, இத்தகைய கதையைப் பார்த்தலாகாது என்பார் கூற்றை முதலில் நேர்மையாக எடுத்துரைப்போம். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டகமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும், பயனின்றி வினையைச் சேர்க்கும் செயல்களை ஐந்தாக வகுத்து, இல்லறத்தார் அவற்றை நீக்க வேண்டும் என்கின்றன. தீமைக்கு வழி கூறுதல், கொலைக்கருவி கொடுத்தல், பிறர்க்குக் கேடு நினைத்தல், பயனற்ற செயல் புரிதல் ஆகியவற்றோடு, உள்ளத்தை மாசுபடுத்தும் கதைகளைக் கேட்டலும் அவற்றுள் ஒன்று. மேலும், ஒரு தீச்செயலைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தாரை உடன்பட்டு மகிழ்தல் என்னும் மூன்றுமே வினையைப் பிணிக்கும் என்று நாம் சிறு வயது முதல் கற்றிருக்கின்றோம். கொலையில் மகிழ்ச்சி கொள்ளும் எண்ணத்தைத் தீய தியானத்தின் முதல் வகையாகவே நூல்கள் வைத்துள்ளன. அப்படியாயின், இருட்டில் அமர்ந்து ஒருவன் கொலை புரிவதைக் கண்டு கைதட்டுபவர் உடன்பட்டவர் ஆகாரோ? இதுவே அவர்கள் கேள்வி.

கேள்வி கூர்மையானது. ஆனால் மற்றொரு பக்கத்தையும் நோக்க வேண்டும். சமணச் சான்றோர் இயற்றியனவாக நாம் பெருமையோடு எடுத்துக்காட்டும் காப்பியங்களில் என்ன இருக்கின்றது? சீவக சிந்தாமணி அரசனைக் கொன்று நாட்டைக் கவர்ந்த அமைச்சனிடம் தொடங்குகிறது. அவனைச் சீவகன் கொல்வதும் அதில் உண்டு. யசோதர காவியத்தில் நஞ்சிட்ட மனைவியும் கொலையுண்ட கணவனும் வருகின்றனர். சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லனின் பொய்யும், ஆராயாத ஆணையும், வெட்டுண்ட கோவலனும் உள்ளனர். கள்வனை மணந்து, தன்னைக் கொல்ல வந்த அவனை மலையிலிருந்து தள்ளிய பெண்ணின் கதை குண்டலகேசி. அதனை மறுக்க எழுந்த நம் நீலகேசியைக் கற்போரும் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. துறவு பூண்ட திருத்தக்கதேவர் கொலையும் காமமும் நிறைந்த கதையை ஏன் எடுத்தார்? தீமையைக் காட்டாமல் தீமையினின்று மீளுதலைக் காட்ட இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நாம் கருதுகின்றோம். ஆகவே, கதையில் கொலை உண்டு என்பதால் அது விலக்கத்தக்கது ஆகிவிடாது. உள்ளத்தை மாசுபடுத்துகின்றதா என்பதே நூல்கள் வைத்த அளவுகோல்.

அந்த அளவுகோலால் ‘நாயகனை’ அளந்து பார்ப்போம். படம் தன் தலைவனுக்குப் பல சலுகைகள் தருகின்றது; உண்மை. அவனுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை முதலில் காட்டி நம் நெஞ்சை இளக்கிவிடுகிறது. கமல்ஹாசனின் நடிப்பும், பி.சி.ஸ்ரீராமின் ஒளிப்பதிவும், தோட்டா தரணியின் கலையமைப்பும் தேசிய விருதுகள் பெற்றவை. அத்தனை அழகும் அவனைச் சூழ்ந்து நிற்கின்றது. ஆயினும் இயக்குநர் மணிரத்னம் ஒன்றை மறைக்கவில்லை. கொல்லப்பட்டவன் வீட்டை அவர் நமக்குக் காட்டுகிறார். அங்கே விதவையான ஒரு மனைவியும், ஏதுமறியாத ஒரு பிள்ளையும் இருக்கின்றனர். கொலையைக் கொண்டாடும் படங்கள் இந்த வீட்டு வாசலுக்கு வருவதே இல்லை. அங்கே மாண்டவர்கள் எண்ணிக்கையாக மட்டுமே இருப்பார்கள்.

வினைக்கணக்கும் இப்படத்தில் பிழையாக எழுதப்படவில்லை. நாயக்கர் ஆயிரம் பேருக்கு நன்மை செய்தார் என்பதால் அவர் செய்த ஒரு கொலை அழிந்துவிடவில்லை. நன்மையைத் தீமையிலிருந்து கழித்து மீதியை மட்டும் எழுதிக்கொள்வது கடைக்காரரின் கணக்கு. நல்வினையும் தீவினையும் தத்தம் பயனைத் தனித்தனியே தந்தே தீரும் என்பது நாம் கற்ற கணக்கு. நல்வினைக்குப் பயனாக ஊரார் அவருக்காக அடியும் உதையும் பட்டனர். தீவினைக்குப் பயனாக, தாம் சோறிட்டு வளர்த்த பிள்ளையின் கைத்துப்பாக்கி அவரைத் தேடி வந்தது. நீதிமன்றம் விட்டாலும் வினை விடவில்லை.

அந்த மாணவன் கட்டுரையில் எழுதிய கொள்கைக்கு விடை இந்தப் படத்திலேயே இருந்தது. அவனும் அதைக் கவனிக்கவில்லை, படம் பாராத நாமும் அவனுக்குக் காட்டவில்லை. அந்த விடை மகள் சாருமதி. தந்தையின் வன்முறைக்கு முடிவே இல்லையா என்று அவள் எதிர்நின்று கேட்கும்போது, ஊரே தொழும் அந்த மனிதரிடம் தக்க மறுமொழி இல்லை. தமக்கு நேர்ந்த கொடுமைகளை எடுத்துச் சொல்கிறார். ஆனால் காரணம் சொல்வது வேறு, நியாயம் சொல்வது வேறு. ஒருவன் ஏன் இப்படி ஆனான் என்று புரிந்துகொள்ளலாம். புரிந்துகொண்டதனாலேயே அவன் செய்தது சரி என்றாகிவிடாது.

படத்தின் முடிவில் பேரன் தாத்தாவைப் பார்த்து, அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்கிறான். தமக்குத் தெரியவில்லை என்கிறார் அவர். இந்த இடத்தில் நம் பேரன் படத்தை நிறுத்திவிட்டு, “பாட்டி, நீங்க சொல்ற அநேகாந்தம் இதுதானே?” என்றான். சற்று யோசித்தே விடை சொன்னோம். அநேகாந்தம் ‘தெரியவில்லை’ என்று கை விரிப்பதன்று. ஒரு பொருளை ஒரு நோக்கில் ‘உண்டு’ எனவும், மற்றொரு நோக்கில் ‘இல்லை’ எனவும், இரண்டையும் ஒருங்கே ஒரே சொல்லால் உரைக்க முயன்றால் ‘சொல்லொணாதது’ எனவும் தெளிவாகக் கூறுவது அது. பசித்தவன் நோக்கில் நாயக்கர் நல்லவர். ஆய்வாளரின் மனைவி நோக்கில் கொடியவர். குழந்தை ஒரே சொல்லில் விடை கேட்டமையால் முதியவரால் சொல்ல முடியவில்லை. ஆனால், மனிதரைப் பற்றிய நோக்குகள் பலவாயினும், கொலை என்ற செயல் எந்த நோக்கிலும் அறமாகிவிடுவதில்லை. அநேகாந்தத்தைக் குற்றத்திற்குப் போர்வையாக்குவது அதனை அவமதிப்பதாகும். இவ்வளவும் சொன்னபின் பேரன் படத்தை மீண்டும் ஓடவிட்டான்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். வேலு அந்த ஆய்வாளரை அடித்து வீழ்த்தியபோது, நம் உள்ளத்தில் ஒரு நிறைவு தோன்றியது. ‘இவனுக்கு இது வேண்டும்’ என்று நினைத்துவிட்டோம். எழுபது வயதைக் கடந்து, நாள்தோறும் எல்லா உயிரிடத்தும் நட்பை வேண்டி வரும் நெஞ்சில் அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? நூல்கள் எச்சரித்தது இந்தக் கணத்தைத்தான். சிறிது நேரத்தில் அதே படம் அந்த ஆய்வாளரின் பிள்ளையைக் காட்டியபோது, நாம் வெட்கினோம். நமக்குள் உறங்கும் கொடுமையை எழுப்பிக் காட்டி, பின் அதற்காக நாணவும் வைத்த அந்தப் படம், பிறரைக் கொடியவர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வாய்ப்பை நமக்கு விடவில்லை. சிவப்பு மையால் ‘கொலைஞன்’ என்று எழுதியபோது நாம் வேறு இனத்தவர் என்றல்லவா எண்ணியிருந்தோம்!

எனவே நம் முடிவைச் சொல்கின்றோம். இத்தகைய கதைகளைச் சுவைக்கலாம். ஆனால் விழிப்போடு சுவைக்க வேண்டும். பார்த்து முடித்ததும் மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வது நன்று. மாண்டவன் வீட்டை இக்கதை நமக்குக் காட்டியதா? செய்தவன் தன் செயலின் பயனை ஏற்றானா? எந்த இடத்தில் நம் மனம் களித்தது? முதலிரண்டும் கதையைச் சோதிப்பவை. மூன்றாவது நம்மைச் சோதிப்பது. மூன்றாவதற்கு உண்மையாக விடை கூறுபவருக்கு, கண்டது வீண்போகாது. கூற மனமில்லாதவர் அத்தகைய படங்களைத் தவிர்ப்பதே நலம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். இன்று கைப்பேசியில் பிள்ளைகள் எதைப் பார்க்கின்றார்கள் என்பதை முற்றிலும் தடுக்க நம்மால் ஆகாது. தடுத்தால் நாம் இல்லாத இடத்தில் பார்ப்பார்கள்; அப்போது மூன்றாவது கேள்வியைக் கேட்க அருகில் எவரும் இரார். மிகச் சிறு பிள்ளைகளுக்கு இவை வேண்டா. வளர்ந்த பிள்ளைகளோடு நாமும் அமர்ந்து பார்த்து, நடுவே நிறுத்திப் பேசுவதே தக்கது என்பது நம் அனுபவம்.

அந்த மாணவன் இப்போது ஐம்பதைக் கடந்திருப்பான். எங்கே இருக்கின்றான் என்று நாம் அறியோம். அவன் கட்டுரை இன்று மீண்டும் நம் கைக்கு வருமானால், கோடு கிழிக்க மாட்டோம். ஓரத்தில் இவ்வாறு எழுதுவோம்: ‘நன்று. ஆனால் கோவலனை நாம் படிப்பது அவனைப் போற்றுவதற்காக அன்று, அவனுக்காக வருந்துவதற்காக. வேலு நாயக்கரையும் அவ்வாறே பார். அந்த ஆய்வாளரின் பிள்ளையைப் பற்றியும் ஒரு பத்தி எழுதி வா.’