வாசற்படியில் நிற்பவர் யார்?



2018ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி, தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அன்றும் அதை அடுத்த நாட்களிலும் நம் கண்டி மாவட்டத்தில் நடந்ததை மஹய்யாவ குடும்பங்கள் மறந்திருக்கமாட்டா. தெல்தெனிய, திகனப் பகுதிகளில் முஸ்லிம் சகோதரரின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. 6ஆம் திகதி அவசரகால நிலை பிறந்தது. 7ஆம் திகதி அரசு முகநூலையும் வாட்ஸ்அப்பையும் தடுத்தது. கைத்தொலைபேசி வழியே பரவிய பகையும் வதந்தியும் நெருப்புக்கு எண்ணெய் வார்த்தன. முகநூல் நிறுவனமே 2020 மே மாதத்தில் இதற்காக வருத்தம் தெரிவித்தது.

சந்தையில் மரக்கறி வாங்கும் தாய், அழுகிய கத்தரிக்காயைக் கூடையில் போட விடுவாளா? ஆனால் நம் பிள்ளைகளின் மனக்கூடையை யாரோ நிரப்ப விட்டுவிடுகிறோம். எது அதிகமாகக் கோபமூட்டுமோ, அதையே இயந்திரக் கணக்கு முன்னே தள்ளிவிடுகிறது.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றி வெளியிட்ட ஏடு, எழுதுவோருக்கு மட்டுமன்றி வாசிப்போருக்கும் பார்ப்போருக்கும் கடமை உண்டென்றது. நல்லதைத் தெரிந்துகொள்ளுங்கள், தீயதை விலக்குங்கள் என்பதே அதன் கருத்து.

அந்தக் கடமையைக் கையிலே தரும் வழியொன்று இன்று இருக்கிறது. 2016இல் ஜெர்மனியில் இளைஞர் ஒருவர் தொடங்கிய மாஸ்டடன் அதில் ஒன்று. அதற்கு ஒரே முதலாளி இல்லை. பல சேர்வர்கள் தனித்தனி ஊர்கள்போல் இருந்து, ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு ஊருக்கும் தனிச் சட்டம். நீங்கள் பின்தொடர்வோர் எழுதியவையும் பகிர்ந்தவையும் நேர ஒழுங்கில் உங்கள் முகப்புக்கு வரும். வேண்டாத சொற்களை வடிகட்டலாம். ஒருவரையோ முழுச் சேர்வரையோ தடுக்கலாம். பிடிக்காவிட்டால் வேறு சேர்வருக்குக் குடிபெயரலாம்.

நல்ல சுதந்திரந்தான். ஆனால் பழிபோட மேலே ஆளில்லை. அங்கும் பொய்யர் குடியேறலாம். வாசற்காவலர் நீங்களே.

இங்கேதான் ஒரு சோதனையும் உண்டு. லூக்கா நற்செய்தியிலே வரும் செல்வந்தனை நினையுங்கள். அவன் லாசரை அடித்ததாக அங்கு இல்லை; தன் வாசலில் கிடந்தவனைக் கவனியாமல் விட்டான், அவ்வளவே. நாமும் நம் இனத்தார், நம் மொழியார், நம்மைப் புகழ்வோர் என்று மட்டுமே பட்டியல் போட்டால், அயலவன் அழுவது எப்படிக் கேட்கும்? திகன எரிந்தபோது, தத்தம் கூட்டத்துக்குள் சுற்றிய பொய்யை மறுக்க அந்தக் கூட்டத்தில் அடுத்த வீட்டுக்காரன் இருக்கவில்லையே!

ஆகவே பொய்யையும் கொடுமையையும் தடுங்கள், துன்பப்படுபவனைத் தடுக்காதீர்கள். இரண்டையும் பிரித்தறியும் ஞானம் எந்தப் பொத்தானிலும் இல்லை. எல்லாவற்றையும் ஆராய்ந்து நல்லதைப் பற்றிக்கொள்ளுமாறு புனித சின்னப்பர் தெசலோனிக்கேயருக்குச் சொன்னது நமக்கும் உரியது.

தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் மஹய்யாவ பெற்றோரே, இன்றிரவு செபமாலைக்குப் பின் பிள்ளைகளோடு உட்காருங்கள். முதலில் உங்கள் கைத்தொலைபேசியை அவர்களிடம் காட்டுங்கள். பகை வளர்க்கும் ஒருவரை நீக்குங்கள். நம்மைப் போலல்லாத, நேர்மையான ஒருவரைச் சேருங்கள். உறுதியில்லாத செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள்.

அந்தக் கதவைத் திறப்பவரின் முகத்திலே ஆண்டவரைக் காணும் வரம் நமக்குக் கிடைப்பதாக. ஆமென்.