கிருத்திகைக்கு அன்னதானம் சரி, அஞ்சாம் தேதி வாடகைக்கு யாரு?

ஓம் சரவணபவ.

புளியந்தோப்புலேர்ந்து நம்ம தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். "அண்ணா, ஆடிக் கிருத்திகைக்கு வருஷா வருஷம் அன்னதானத்துக்கு 500 ரூபாய் கொடுக்கிறேன். இங்க ஹவுசிங் போர்டு பசங்களுக்கு சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுக்கிற சின்ன படிப்பகம் ஒண்ணு இருக்கு. ஏரியா ஆளுங்களே நடத்துறாங்க. வாடகைக்கு உதவி கேட்டாங்க. அங்க கொடுத்தா முருகனுக்குச் செஞ்ச மாதிரி ஆகுமா?"

தம்பி, இதுக்கு பதில் அருணகிரிநாதரே சொல்லிட்டார். கந்தர் அலங்காரம் 18-வது பாட்டை எடுத்துப் பாருங்க. வேலவனை வாழ்த்துங்கன்னு ஆரம்பிச்சு, அதே மூச்சுல இல்லாதவங்களோட பகிர்ந்துக்கோங்கன்னு சொல்றார். ரெண்டுக்கும் நடுவுல இடைவெளியே விடல. எவ்வளவு கொடுக்கணும்? நொய்யில பாதி போதுமாம். நொய்னாலே உடைஞ்ச அரிசி, அதையும் பிளந்து ஒரு துணுக்கு! "என்கிட்ட என்ன இருக்கு கொடுக்க"ன்னு சொல்றவங்களுக்கு அங்கேயே வழியை அடைச்சுட்டார்.

அந்தப் பாட்டுல நாம வேகமா படிச்சுத் தாண்டிப் போற சொல் ஒண்ணு இருக்கு: 'என்றும்'. கிருத்திகைக்கு மட்டும், தைப்பூசத்துக்கு மட்டும்னு அவர் சொல்லல.

அப்புறம் ஒரு உவமை. கொளுத்துற வெயில்ல நம்ம நிழல்ல நாமே ஒதுங்க முடியாது இல்லையா, அந்த மாதிரி கையில இருக்கிற காசும் கடைசி வழிக்குக் கூட வராதுங்கிறார். இதுக்கு மேல எனக்குத் தோணுறது ஒண்ணு, இது பாட்டுல இல்ல. நம்ம நிழல் நமக்கு உதவாதுதான். ஆனா பக்கத்துல ஒரு குழந்தை நின்னா அதுக்கு ஆகும்.

வள்ளலாரை நினைச்சுப் பாருங்க. ஏழுகிணறு பகுதியில வளர்ந்த பிள்ளை, கந்தகோட்டத்து முருகனே கதின்னு இருந்தவர். தெய்வமணிமாலை அந்தச் சந்நிதிக்குப் பாடினதுதான். அந்த பக்தி எங்க போய் நின்னுச்சு? 1867 வைகாசியில வடலூர்ல தருமசாலை அடுப்பா நின்னுச்சு. அன்னிக்கு மூட்டின அடுப்பு இன்னும் அணையல. அதுக்கு நிலம் கொடுத்தது ராஜா இல்ல, பார்வதிபுரம் ஊர் ஜனங்க. உங்க ஏரியா ஆளுங்க இப்ப செய்யறதும் அதே ரகம்தானே?

இந்த மாதிரி சின்ன இடங்களோட கஷ்டம் வெளியில தெரியாது. திருவிழா, பிறந்தநாள்னா பிரியாணி வரும், பிஸ்கட் வரும், போட்டோ எடுப்பாங்க. வாடகை மட்டும் மாசாமாசம் அஞ்சாம் தேதி வந்து நிக்கும். கரண்ட் பில், சாக்பீஸ், பாடம் எடுக்கிற காலேஜ் பொண்ணுக்கு பஸ் காசு, இதுக்கெல்லாம் கொடுக்க யாருக்கும் தோணாது. ரெண்டு மாசம் வாடகை நின்னா ரூமைக் காலி பண்ணணும். அப்புறம் அந்தப் பசங்க ராத்திரி எட்டு மணி வரைக்கும் எங்க இருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும், நீங்க அங்கேயே இருக்கறவர்.

அதனால கிருத்திகை 500-ஐ நிறுத்தாதீங்க. தனியா மாசம் 100 எடுத்து வைங்க. பத்து நண்பர்கள் சேர்ந்தா 1,000 ஆச்சு, அதை நம்பி அவங்க கணக்குப் போடலாம். ரெண்டும் முடியாது, ஒண்ணுதான்னா? படிப்பகத்துக்கே கொடுங்க. சில பெரியவங்க என்கிட்ட சண்டைக்கு வருவாங்க, பரவாயில்ல. கோயில் பந்திக்குக் கொடுக்க நிறைய கை இருக்கு.

கொடுக்கிறப்போ வரவு செலவு நோட்டைப் பார்க்கக் கேளுங்க. அது சந்தேகம் இல்ல, பொறுப்பு. நேர்மையா நடத்துறவங்க சந்தோஷமா காட்டுவாங்க. தட்டு ஏந்தின குழந்தையோட செல்ஃபி மட்டும் வேண்டவே வேண்டாம்.

காசு இல்லாத காலேஜ் பசங்க கவலைப்படாதீங்க. மாசத்துல ரெண்டு சஷ்டி வருது. அன்னிக்கு ரெண்டு மணி நேரம் போய் கணக்கு சொல்லிக் கொடுங்க. வகுத்தல் தெரியாம ஏழாவது வந்த பசங்க இருக்காங்க.

தம்பி, இந்த சஷ்டிக்கே போங்க. முன்னாடி ஒரு போன் போட்டு என்ன தேவைன்னு கேட்டுக்கோங்க. பிஸ்கட் வேண்டாம்னுதான் சொல்வாங்க.

வேலும் மயிலும் துணை.